பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு

மும்பை செம்பூரில் கார் ஷோரூமுக்குள் நுழைந்த ஒரு குடும்பம் பதினைந்து வருடங்களுக்கு முன்பு முதலில் கேட்டது, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்றுதான். இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள், "எத்தனை ஏர்பேக்? எத்தனை ஸ்டார்?" என்று கேட்கிறார்கள். மாட்டுங்காவில் மூன்றாம் தலைமுறையாக வாழ்கிற வங்கி அதிகாரியின் வீட்டிலும், தாராவியில் இட்லி வியாபாரத்திலோ தோல் பட்டறையிலோ சம்பாதித்த பணத்தில் முதல் கார் வாங்குகிறவர் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. மனதார வரவேற்க வேண்டிய மாற்றம் இது. ஆனால் அந்தக் கார் வீட்டுக்கு வந்த பிறகு, பின் சீட்டில் உட்காரும் பாட்டியும் அத்தையும் பிள்ளைகளும் பெல்ட் போடுகிறார்களா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. அந்தப் பெல்ட் எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது.

பல லட்ச ரூபாய் கொடுத்துப் பாதுகாப்பை வாங்கிவிட்டு, அதில் பாதியைப் பிரிக்காமலேயே வைத்திருக்கிறோம். இந்த நகரம் அதற்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல.

ஏர்பேக்கையும் ஸ்டாரையும் பற்றிக் கேட்கும் நிலைக்கு நாம் வந்ததே பெரிய போராட்டம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் பிரபலமான ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின் மீது மோதவிட்டுப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துக்கும் பூஜ்யம். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஐந்திலும் போலோவின் கதையைக் கவனிக்க வேண்டும். ஏர்பேக் இல்லாத போலோவுக்குத்தான் பூஜ்யம். முன்பக்கம் இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு நான்கு ஸ்டார் கிடைத்தது. இதே கதை பிறகும் தொடர்ந்தது. 2020-ல் இந்தியச் சந்தைக்கான எஸ்-பிரெஸ்ஸோவுக்குப் பூஜ்யம். இந்தியாவிலேயே செய்து ஆப்பிரிக்கச் சந்தைக்கு அனுப்பிய எஸ்-பிரெஸ்ஸோவுக்கு 2022-ல் மூன்று ஸ்டார். நல்ல காரைச் செய்யும் திறமை இங்கே எப்போதும் இருந்தது. இந்தியர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

கட்டாயம் மெல்ல மெல்ல வந்தது. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ், 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் பொதுவானது. அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநருக்கான ஏர்பேக், முன் சீட் பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை, பின்னால் எடுக்கும்போது உதவும் சென்சார் ஆகியவை கட்டாயமாயின. முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் வேண்டும் என்ற விதி 2021-ல் வந்தது. 2023 ஆகஸ்ட் 22 அன்று நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் என்ற மோதல் சோதனைத் திட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் டாடாவின் சஃபாரியும் ஹேரியரும் அதில் முதலில் ஐந்து ஸ்டார் வாங்கின. காரின் விளம்பரத்தில் ஸ்டாரைப் பெரிதாகப் போடும் காலம் பிறந்தது. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் யோசனையை மட்டும் அரசு தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் 2023 செப்டம்பரில் கைவிட்டது. சந்தையே அதைக் கொண்டுவரும் என்பது அமைச்சர் நிதின் கட்கரி சொன்ன காரணம். விலை உயர்ந்த வேரியன்ட்டுக்குச் சந்தை கொண்டுவந்துவிடும். கடன் வாங்கி அடிப்படை மாடலை எடுக்கிறவருக்கு அது எப்போது வரும் என்பதற்கு அந்தப் பதிலில் இடமில்லை.

இவ்வளவு சட்டங்களும் சோதனைகளும் பெரும்பாலும் முன் சீட்டை நோக்கியே வந்தன. பின் சீட்டின் பக்கம் இந்த நாடு திரும்பிப் பார்த்தது 2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை.

அன்று மதியம் குஜராத்தின் உத்வாடாவிலிருந்து மும்பை திரும்பிக்கொண்டிருந்த மெர்சிடிஸ் ஜிஎல்சி கார், பால்கர் மாவட்டம் சாரோட்டி அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. காரில் நான்கு பேர். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்துடன் பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி. ஐரோப்பியச் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கிய மாடல் அது. மோதலுக்கு ஐந்து விநாடி முன்பு வேகம் 100 கிலோமீட்டர், பிரேக் பிடித்து மோதியபோது 89 கிலோமீட்டர் என்று காரில் பதிவான தகவலை வைத்து அந்த நிறுவனம் போலீஸிடம் சொன்னது. பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை.

இந்த விபத்தை ஆராய்ந்த தடயவியல் குழு, பாலத்தின் கைப்பிடிச் சுவர் சாலையோரப் பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருந்ததையும் குறையாகச் சொன்னது. அதை மறக்கக் கூடாது. சாலை போட்டவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஒரே கார், ஒரே மோதல், ஒரே வேகம். முன்னால் இருந்தவர்கள் உயிரோடு வந்தார்கள், பின்னால் இருந்தவர்கள் வரவில்லை. பின் சீட்தான் பாதுகாப்பு என்ற நம் நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான பதில் இருக்க முடியாது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. முன்னால் கண்ணாடி இருக்கிறது, ஸ்டியரிங் இருக்கிறது. பின்னால் மெத்தென்ற முன் சீட்டின் முதுகுதானே இருக்கிறது என்று மனம் கணக்குப் போடுகிறது. வேகத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் சுவரில் மோதி நிற்பது, ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது தாராவியின் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். கார் நின்றுவிடும், பெல்ட் போடாத உடம்பு நிற்காது. அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன் சீட்டின் மேல் போய் விழும். முன்னால் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து நசுக்கும். பின்னால் இருப்பவர் பெல்ட் போடாதது அவருடைய சொந்த விஷயம் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

மூன்று முனைப் பெல்ட்டை 1959-ல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் உருவாக்கினார். அதன் காப்புரிமையை அந்த நிறுவனம் மற்றக் கார் நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை காருக்குள் வந்த எந்த மின்னணுக் கருவியும் அந்தத் துணிப் பட்டையின் இடத்தைப் பிடிக்கவில்லை. முன் சீட்டில் இருப்பவர் இறக்கும் ஆபத்தைப் பெல்ட் 45 முதல் 50 சதவீதம் வரை குறைக்கிறது, பின் சீட்டில் 25 சதவீதம் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இன்றைய பல கார்களில் அந்தப் பட்டை வெறும் பட்டையாகவும் இல்லை. மோதிய நொடியின் மிகச் சிறு பகுதியில் ஒரு சிறிய வெடிமருந்து வெடித்து, தொளதொளவென்று கிடக்கும் பெல்ட்டை உடம்போடு இழுத்து இறுக்கும். விலா எலும்பு நொறுங்கும் அளவுக்கு அழுத்தம் ஏறினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. இந்த வேலை முடியும்போதே ஏர்பேக் விரிந்து தலையையும் மார்பையும் ஏந்திக்கொள்ளும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். பெல்ட் உடம்பைப் பிடித்து வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஏர்பேக் எப்போது, எவ்வளவு வேகமாக விரிய வேண்டும் என்று வடிவமைக்கிறார்கள். பெல்ட் போடாதவர் ஏர்பேக் முழுசாக விரிவதற்குள் அதன் மேல் போய் விழுகிறார். காப்பாற்ற வந்ததே அப்போது அவரை அடிக்கிறது.

மிஸ்திரியின் மரணத்துக்குப் பிறகு சில காலம் நகரம் விழித்துக்கொண்டது. காரில் இருக்கும் அனைவரும் பெல்ட் போட வேண்டும், 2022 நவம்பர் 1 முதல் நடவடிக்கை உண்டு என்று மும்பை போக்குவரத்து போலீஸ் அறிவித்தது. சட்டம் ஒன்றும் புதிதல்ல. மோட்டார் வாகன விதி 138(3) பின் சீட்டையும் சேர்த்தே பேசுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,000 ரூபாய். ஏட்டில் இருந்ததை எடுத்துப் படித்தார்கள், அவ்வளவுதான். சில வாரங்கள் கெடுபிடி இருந்தது, பிறகு தளர்ந்தது. இன்று சயான் சிக்னலில் நிற்கும் கார்களின் பின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாலே நிலைமை தெரியும்.

எச்சரிக்கை ஒலியை ஏமாற்ற ஒரு தொழிலே வளர்ந்திருந்தது. பெல்ட்டின் நாக்கைப் போலவே செய்த ஒரு உலோகத் துண்டு. அதை லாக்கில் செருகிவிட்டால், பெல்ட் போட்டாயிற்று என்று கார் நம்பிக்கொள்ளும். தாம் ஏறிய நான்கு முதலமைச்சர்களின் கார்களில் இந்த கிளிப்பைப் பார்த்ததாக கட்கரியே சொன்னார். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டது. 13,118 கிளிப் விளம்பரங்கள் நீக்கப்பட்டன. சில நூறு ரூபாய் கொடுத்து அதை வாங்கியவர்களில் பலர், ஆறு ஏர்பேக் வேண்டும் என்று கேட்டுக் கார் வாங்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும். 2022-ல் மட்டும் நாட்டில் பெல்ட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், 8,331 பேர், ஓட்டுநர்கள் அல்லர், கூட வந்தவர்கள்.

கூட வந்தவர்களில் குழந்தைகளின் கதைதான் நெஞ்சைப் பிசைகிறது. 2024 டிசம்பரில், செம்பூரிலிருந்து கழிமுகப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் வாஷியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். தந்தை பிள்ளைகளைப் பானிபூரி வாங்கித் தரக் காரில் அழைத்துப் போயிருக்கிறார். சிறுவன் முன் சீட்டில். முன்னால் போன பெரிய கார் தடுப்பில் மோதித் தூக்கி எறியப்பட்டு இவர்கள் காரின் மேல் விழுந்தது, ஏர்பேக் விரிந்தது. காரில் இருந்த மற்றவர்கள் பிழைத்தார்கள். சிறுவனை ஏர்பேக்கின் அடி கொன்றது. ஏர்பேக் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வெளியே வருகிறது. வளர்ந்த ஆளின் மார்பு உயரத்தைக் கணக்கில் வைத்துச் செய்த கருவி அது. குழந்தைக்கு அந்த இடத்தில் இருப்பது முகமும் கழுத்தும்.

இந்த ஆபத்து உலகத்துக்குப் புதிதில்லை. 1990-களில் அமெரிக்காவில் இதேபோலக் குழந்தைகள் இறந்த பிறகுதான், பன்னிரண்டு வயதுவரை பின் சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும் என்ற அறிவுரை அங்கே வீட்டுக்கு வீடு போனது. நம் ஊரில் ஏர்பேக் கட்டாயமானது. அதோடு சேர்ந்து வர வேண்டிய அந்த ஒரு வரி அறிவுரை மட்டும் வரவில்லை. கார் சாவியைக் கொடுக்கும்போது பாட்டுப் பெட்டியை போனோடு இணைப்பது எப்படி என்று கால் மணி நேரம் விளக்கும் ஷோரூமில், குழந்தையை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் சொல்வதற்கு ஆள் இல்லை. சன் வைசரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படத்தோடு கடமை முடிந்துவிடுகிறது.

தாய் மடியில் இருக்கும் குழந்தை பத்திரம் என்பது நம் ரத்தத்தில் ஊறிய எண்ணம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், பத்து கிலோ எடையுள்ள குழந்தை கிட்டத்தட்ட 140 கிலோவின் இழுப்போடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடிக்க முடியாது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ கட்டாமல் கூட்டிப்போனால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. குழந்தை இருக்கை கட்டிய கார்களை மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்க்கலாம். மற்ற இடங்களில் அரிது. பிறந்தநாள் விழாவுக்கு ஆகும் செலவை வைத்துப் பார்த்தால் அது எட்டாத பொருள் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லாததுதான் குறை.

சேடா நகரில் இருக்கும் திருச்செம்பூர் முருகன் கோயிலுக்கு எதிரே புதுக் காருக்குப் பூஜை போடுவதைக் கவனித்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். பானெட்டில் மாலை, சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். சீட்டுகளின் மேல் கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே. டாஷ்போர்டில், முன் சீட்டுப் பயணிக்கு நேர் எதிரே, ஒரு சின்ன முருகன் சிலையைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். அந்த இடத்தின் அடியில்தான் பயணியின் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது விரிந்தால் மூடியோடு சேர்த்துச் சிலையையும் எதிரே இருப்பவரின் முகத்தை நோக்கி வீசும். சிலையை நடுவில், ஏர்பேக் மூடியைத் தொடாத இடத்தில் வைக்கலாம். காருக்குள் கடவுள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இடத்தை மட்டும் கைப்பிடி அளவு மாற்றினால் போதும்.

அடுத்த வாரமே கார் சீட் கவர் கடைக்குப் போகிறது. பக்கவாட்டு ஏர்பேக் பல கார்களில் சீட்டின் ஓரத் தையலைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். அதன் மேல் தடித்த ரெக்ஸின் உறையை இறுக்கித் தைத்துவிட்டால், அதற்காகக் கொடுத்த பணம் அங்கேயே புதைந்துவிடும். முன்பக்கம் இரும்புக் கம்பி பொருத்துவதையும் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்யச் சொன்னது. மோதலின் அதிர்ச்சி சென்சாருக்குப் போகும் விதத்தை அந்தக் கம்பி மாற்றிவிடும்; நடந்து போகிறவர் மேல் பட்டால் இன்னும் கொடுமை. பெருமைக்காக மாட்டிய அந்தக் கம்பி சாலைகளில் இன்னும் பளபளக்கிறது.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்கலாம். ஆனால் மும்பையில் காரில் போகிறவர்களில் பலர் டாக்ஸியில் போகிறவர்கள். இந்த நகரத்தின் அடையாளமாக இருந்த பத்மினி 'காலி பீலி' (கறுப்பு மஞ்சள்) டாக்ஸி 2023 அக்டோபர் 30-ம் தேதி சாலையிலிருந்து விடைபெற்றது. கடைசி பத்மினி டாக்ஸி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது 2003-ல்; இருபது வருட வயது வரம்பு முடிந்தது. ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், அகலமான சீட், கூரையில் லக்கேஜ் கேரியர் என்று அந்த வண்டியின் மேல் தாராவித் தமிழருக்கும் மாட்டுங்காத் தமிழருக்கும் இருந்த பாசம் தனி. தாதரில் சென்னை ரயிலிலிருந்து இறங்கிய எத்தனையோ குடும்பங்களை வீடு சேர்த்த வண்டி. ஆனால் அது 1960-களின் ஃபியட் வடிவமைப்பு. பாதுகாப்பு என்று பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை.

அதன் இடத்துக்கு வந்த வேகன்-ஆரிலும் எர்டிகாவிலும் பின் சீட்டுக்குப் பெல்ட் உண்டு. ஏறி உட்கார்ந்து தேடினால்தான் சிக்கல் தெரியும். தோள் பக்கத்துப் பட்டை தொங்கும். அதைச் செருக வேண்டிய லாக் இருக்காது. சீட்டின் அடிப்பக்கத்துக்குள் அமுங்கி, மேலே இழுத்துக் கட்டிய உறைக்குக் கீழே எங்கோ கிடக்கும். உட்காருகிறவர்களுக்குக் குத்தக் கூடாது என்று ஓட்டுநரே உள்ளே தள்ளிவிட்டிருப்பார். 2022 நவம்பரில் போலீஸ் கெடுபிடி வந்தபோது, பயணி பெல்ட் போடாவிட்டால் நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று டாக்ஸிக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தினமும் ஒரு புது ஆளோடு தகராறு செய்து பிழைப்பு நடத்த முடியாது. ஆனால் லாக்கை வெளியே எடுத்து வைப்பது அவர்கள் கையில் இருக்கிறது. அதைச் சோதிப்பது ஆர்.டி.ஓ. கையில் இருக்கிறது.

இப்போது கார் விளம்பரங்களின் நாயகன் அடாஸ் என்ற ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, பம்பருக்குள் ஒரு ரேடார். முன்னால் போகும் வண்டி திடீரென நின்றால் கார் தானே பிரேக் பிடிக்கும். கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கை இழுத்து நேராக்கும். கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் பைக் வந்தால் விளக்கு எரியும். இந்தியாவில் 2020-லிருந்து குளோஸ்டர், எக்ஸ்யூவி700 போன்ற கார்களில் தொடங்கி, இன்று நடுத்தர விலைக் கார்கள் வரை இது வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் தானியங்கி அவசர பிரேக்கும், சாலையின் வேக வரம்பைப் படித்துச் சொல்லும் கருவியும் கட்டாயம்.

மும்பையில் இவற்றில் எது உதவும், எது உதவாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவசர பிரேக்கும், பக்கவாட்டில் வரும் பைக்கைக் காட்டும் கருவியும் நிச்சயம் உயிர் காக்கும். இரு சக்கர வாகனங்கள் இடைவெளி கிடைக்கும் இடமெல்லாம் நுழைகிற சயான்–பன்வேல் சாலையில் இரண்டாவது கருவிக்கு ஈடில்லை. கோட்டுக்குள் வைத்திருக்கும் கருவிக்கு முதலில் கோடு வேண்டும். ஜூன் மழை தொடங்கிய சில வாரங்களில் பல சாலைகளில் கோடும் இருக்காது, சில இடங்களில் சாலையும் இருக்காது. கொட்டும் மழையில் கேமராவின் பார்வை மங்கும் என்று கார்களோடு வரும் கையேடுகளே எச்சரிக்கின்றன. அடாஸை நம்பி நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு விளையாடிய இளைஞர்களின் வீடியோக்கள் சமூக வலைதளங்களில் பரவியபோது பலர் ரசித்தார்கள். அந்தக் கார் தானாக ஓடுவதற்காகச் செய்ததல்ல. ஓட்டுபவர் விழிப்போடு இருக்கும்போது ஒரு கணம் தவறினால் உதவுவதற்காகச் செய்தது.

நம் நாட்டுக் கார்களின் வேக எச்சரிக்கை மணியிலும் கோளாறு உண்டு. 80 கிலோமீட்டரைத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை, 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும்படி விதி. மும்பை–புணே விரைவுச் சாலையின் சமதளத்தில் கார்களுக்கான வரம்பு 100. சட்டப்படி ஓட்டுகிறவருக்கும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் 60-ல் பறக்கிறவருக்கு மணியே இல்லை. இடம் தெரியாமல் அடிக்கும் மணியைக் காது சீக்கிரமே ஒதுக்கிவிடும். பிறகு உண்மையான எச்சரிக்கையும் அதோடு சேர்ந்து காதில் விழாமல் போகும்.

புதிய வண்டிக்குப் பழக்கம் வேண்டும் என்பதையும் இந்த நகரம் வலியோடு கற்றது. 2024 டிசம்பர் 9 இரவு, குர்லாவில் மாநகரப் பேருந்து நிறுவனமான பெஸ்ட்டின் ஒப்பந்த மின்சாரப் பேருந்து ஒன்று கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்து பலரைக் கொன்றது. கியர் இல்லாத பன்னிரண்டு மீட்டர் நீளப் பேருந்து. சிறிய வண்டிகள் ஓட்டிப் பழகிய ஓட்டுநர். அவருக்குப் போதிய பயிற்சி தரப்படவில்லை என்பதே விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. கிளட்ச் மிதித்தே வளர்ந்த கால் தானியங்கி வண்டியில் குழம்பும். கார் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஐம்பது வயதில் முதன்முதலாகத் தானியங்கி கியருக்கு மாறுகிறவர்களுக்குச் சாவியோடு சேர்த்து இரண்டு மணி நேரப் பயிற்சியும் கொடுப்பதில் எந்த நிறுவனமும் நொடித்துப் போய்விடாது.

காருக்குள் இருப்பவர்களைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசியாயிற்று. தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் மாலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால், அங்கே போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் கார் வாங்கப் போவதில்லை என்பது தெரியும். நடைபாதையில் கடை, கடைக்கு வெளியே பைக், நடக்கிறவர் சாலையில். 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்து ஸ்டார் கார் அவர்களுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியை இந்த நகரம் கேட்டே ஆக வேண்டும். நடந்து போகிறவரைக் கண்டு தானே நிற்கும் பிரேக் இருக்கிறது. ஆனால் அது உயர்ந்த வேரியன்ட்டில்தான் வருகிறது. காருக்குள் இருப்பவருடைய பாதுகாப்புக்கு அவர் கூடுதலாகப் பணம் கொடுக்கலாம். தெருவில் நடக்கிற இட்லிக்காரரின் உயிருக்கு அந்தக் காரை வாங்குகிறவர் விருப்பப்பட்டால் மட்டும் பணம் கொடுக்கலாம் என்று விட்டுவிடுவது அநியாயம். சந்தை கொண்டுவரும் என்று ஒதுங்காமல் அரசு கட்டாயமாக்க வேண்டிய முதல் கருவி அதுவே. ஆறாவது ஏர்பேக் அதற்குப் பிறகு வரட்டும்.

பின் சீட் பெல்ட்டுக்கான எச்சரிக்கை ஒலியும் 2025 ஏப்ரல் முதல் புதிய கார்களில் கட்டாயமாகியிருக்கிறது. நல்லது. ஏற்கெனவே சாலையில் ஓடும் லட்சக்கணக்கான கார்களுக்கு அது பொருந்தாது. அங்கே மனிதர்கள்தான் மணி அடிக்க வேண்டும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இருக்கிற தமிழ்ச் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் மனது வைத்தால், புதுக் கார் பூஜைக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டி ஏறும் முன் பெல்ட் போட வைக்கலாம். பாட்டிக்கு லாக் எங்கே இருக்கிறது என்று பேரன் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் வராது. பள்ளிகளும் இதில் இறங்கலாம். வீட்டில் பெரியவர்களைப் பெல்ட் போட வைப்பதில் எட்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கும் அதிகாரம் எந்தப் போலீஸுக்கும் கிடையாது.

டாக்ஸிகளுக்கு வழி இன்னும் எளிது. ஒவ்வொரு டாக்ஸியும் தகுதிச் சான்றுக்காக வடாலா போன்ற ஆர்.டி.ஓ. அலுவலகங்களின் முன் வரிசையில் வந்து நின்றே ஆக வேண்டும். பிரேக்கையும் விளக்கையும் பார்க்கிற ஆய்வாளர், பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, மூன்று பெல்ட்டையும் இழுத்து மூன்று லாக்கிலும் செருகிப் பார்க்கட்டும். ஒன்று செருகவில்லை என்றாலும் சான்று தராமல் திருப்பி அனுப்பட்டும். சீட் உறையில் மூன்று துளை வெட்டி லாக்குகளை வெளியே எடுக்க ஒரு தையல்காரருக்கு அரை மணி நேரம் போதும்; தாராவியில் அந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை ஒரு சுற்றறிக்கை போட்டால் அடுத்த தகுதிச் சான்று சுற்றிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.